திரை கறுக்கக் கூடாது

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கும் பெண். கெட்டிக்காரி, ஆனால் எதையும் சுற்றி வளைத்துத்தான் கேட்பாள். என் முழங்கால் வலி, காட்பாடியில் மழை பெய்ததா இல்லையா, என் மகளின் பிரசவம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“மேடம், நம்ம போடுற திரைங்க எல்லாத்துலயும் மூலையில ஒரு பச்சைப் புள்ளி மின்னிக்கினே இருக்கே, அத எடுத்துடலாமா? ஒரு ஷூ ஷோரூம்காரங்க கேக்குறாங்க. விளம்பரம் ஓடும்போது அசிங்கமா இருக்காம்.”

“எடுக்காதே.”

“ஏன்னு கேட்டா இன்னா சொல்றது மேடம்? இங்க யாருக்குமே தெரியல. பழைய ஃபைல்ல ‘எஸ்தர் மேடம் சொன்னது’ன்னு மட்டும்தான் எழுதியிருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஆள் செத்து, ஒரு குடும்பம் இரண்டாகி, அதெல்லாம் மூன்று வார்த்தையில் முடிந்து ஃபைலுக்குள் போய்விட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவளிடம் ஏதோ வள்ளென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் யோசித்தால், அவள்மேல் என்ன தப்பு? எழுதி வைக்காதது நான். எட்டு வருஷமாக இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் படித்தால் போதும்.

நான் படிக்கப் போன கதையைச் சுருக்கிவிடுகிறேன். அம்மா நர்ஸ். மகளும் நர்ஸாவாள் என்று நினைத்திருந்தார். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், அதனால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன். வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். முடித்ததும் வேலூர் பஜார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், இரண்டே அறையில் நடந்த கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகளுக்கு எண் போர்டு செய்வோம். தையல் லைனுக்கு மேலே தொங்குமே, இந்த மணிநேரத்தில் எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை முடிந்தது என்று சிவப்பு எழுத்தில் காட்டுவது, அதுதான்.

முதலாளி தனபால் சார். ஒல்லி உருவம், வெள்ளை அரைக்கை சட்டை. ரேடியோ மெக்கானிக்காக இருந்து தானே படித்து டிசைனர் ஆனவர். எந்தப் பெட்டி வெளியே போவதானாலும் அதன் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், அம்மாக்கள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களே அப்படி. சூடு ஜாஸ்தி என்றால் பேசாமல் பெட்டியைத் திருப்பி என் மேஜையில் வைத்துவிடுவார். அவர் கத்தி நான் கேட்டதேயில்லை. சாதாரணமாக என்னை ‘வா, போ’ என்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். “எஸ்தர், கொஞ்சம் இங்க வாங்க” என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் வார்னிஷ். தோல் பதனிடும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு வாயு உண்டு. செம்பையும் வெள்ளியையும் அது கறுக்க வைத்துவிடும். நான் முதல் தடவை ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நாலு நாள் வேலை செய்துவிட்டு வந்தபோது என் வெள்ளிக் கொலுசு அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. “பள்ளிகொண்டா தாண்டுனா ரெண்டு கோட்டு” என்பது சாரின் விதி. அதாவது அந்தப் பக்கம் போகும் போர்டுகளின் செம்பை மூட வார்னிஷ் இரண்டு தடவை. அங்கே தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய ட்ரம்மை ஓட்டும் ஒரு பெரியவர் இன்னொன்றும் சொன்னார். “நாத்தம் அடிக்கிற வரிக்கும் பயம் இல்லம்மா. அடிச்சிக்கினு இருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா ஓடிடு. நின்னுடலம்மா அது, உன் மூக்கு செத்துடுச்சின்னு அர்த்தம்.” வேடிக்கையான பேச்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாடம் எண் எட்டு. எங்கள் போர்டில் ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. ஏழும் எரிந்தால் எட்டு. மேலே வலது பக்கக் கோடு மட்டும் அணைந்தால் அது ஆறு. ஒரு தொழிற்சாலையில் சரியாக அந்தக் கோடு செத்துப்போனது. எண்பத்தாறு ஜோடி தைத்த பெண்களுக்குப் போர்டு அறுபத்தாறு என்று காட்டியது. காலையிலிருந்து மத்தியானம்வரை சூப்பர்வைசர் அவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார். ஒரு பெண் அழுதுகொண்டே லைனை விட்டு எழுந்து போய்விட்டாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது தனபால் சார் அந்த சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நேராக அந்தப் பெண் வெளியே உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், “தப்பு எங்க போர்டுதும்மா, உன்து இல்ல” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

“பொய் சொல்ற போர்டுக்கு செத்த போர்டு மேல், எஸ்தர். செத்துப்போனா எவனும் நம்ப மாட்டான்.”

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் போர்டுகள் எல்லாம் காலையில் போட்டவுடன் ஒரு நிமிடம் எட்டு எட்டாகக் காட்டும். எந்தக் கோடு குறைந்தாலும் தெரிந்துவிடும். அந்த ஒரு வேலைக்காகவே எனக்கு அவர்மேல் பக்தி வந்துவிட்டது. பக்தி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

அப்படிப்பட்ட மனிதரும் நானும் சேர்ந்துதான் அடுத்த காரியத்தைச் செய்தோம்.

காலம் மாறியது. எண் போர்டு போய் பெரிய திரைகள் வந்தன. நாலு திரையை ஒட்டவைத்து ஒரு சுவர் மாதிரி ஆக்கி, கேமராப் படங்களை அதில் காட்டுவது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை, பெயர் வேண்டாம், அவர்களுடைய கழிவுநீர் சுத்திகரிக்கும் பிளான்டின் கண்ட்ரோல் ரூமுக்கு அப்படி ஒன்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர்கள் வந்து, தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், ஆட்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் அந்தச் சுவர். நாலு கேமரா, நாலு படம். ஒரு மாதத்தில் மாட்டிக்கொடுத்தோம்.

முதல் பையர் வந்த அன்றே மானம் போனது. முதலாளி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கேமராவின் சிக்னல் விட்டுப்போனது. இரண்டாவது திரை பளீரென்று நீலமாகி, சிக்னல் இல்லை என்று கொட்டை எழுத்தில் காட்டியது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். மறுநாள் தனபால் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

“எஸ்தர், இனிமே அங்க திரை கறுக்கக் கூடாது, நீலமாவும் ஆகக் கூடாது. இன்னா பண்ணலாம் சொல்லு.”

யோசனை சொன்னது நான். அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். திரைகளை ஓட்டுகிற கண்ட்ரோலரில் ஒரு வசதி இருந்தது. கேமரா விட்டுப்போனால் கடைசியாக வந்த படத்தையே அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். நாலைந்து நொடியில் சிக்னல் திரும்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சார் செய்துபார்க்கச் சொன்னார். கேபிளைப் பிடுங்கினேன், படம் நின்றது. திரும்பச் செருகினேன், ஓடியது. நின்றதே தெரியவில்லை. “கெட்டிக்காரி” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது குதிரைக்கொம்பு. வீட்டுக்குப் போகும்போது அரை கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போனேன்.

கூடவே இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கடிகாரம் ஓடும். நாலு கேமராவும் நாலு நேரம் காட்டின, இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் வித்தியாசம். பார்க்க நன்றாக இல்லை என்றார்கள். நேரத்தைச் சரிசெய்வதற்குப் பதில் கடிகாரத்தையே எடுத்துவிட்டேன், பத்து நிமிட வேலை. எட்டு எட்டாகக் காட்டும் போர்டைச் செய்த அதே கைதான். எனக்கும் பஸ்ஸில் கேட்ட பேச்சு ஞாபகம் வரவில்லை, சொன்னவருக்கும் வரவில்லை.

அந்தக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தது தேன்மொழி. முப்பது வயதிருக்கும், பி.எஸ்சி. படித்தவள். அவள் கணவன் சேகரும், சேகரின் தம்பி ஏழுமலையும் அதே பிளான்டில் கான்ட்ராக்ட் ஆட்கள். அவளுக்குத் திரையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது நான்தான். “இவ்ளோ பெரிய டிவிய குடுத்துட்டு சீரியல் வராதுன்னு சொல்றீங்களே மேடம்” என்று கிண்டல் செய்வாள். வாயாடி, ஆனால் வேலையில் சுத்தம். கால்மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டியதை ஒரு நாளும் சேர்த்து வைத்து எழுதியதில்லை.

பிளான்டில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. அதன் அடியில் இருக்கிற கம்பிவலையைத் தோலிலிருந்து வரும் முடியும் சதைக் கழிவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மெஷினால் ஆகாதபோது ஆள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முறை இருக்கிறது. அரைமணி நேரம் காற்று ஊதி உள்ளே அனுப்ப வேண்டும், மீட்டரை இறக்கி வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். கயிறு பிடிக்கிறவர் மேலே அசையாமல் நிற்க வேண்டும், எதற்காகவும் கயிற்றை விட்டுவிட்டு நகரக் கூடாது. ஏதாவது ஆபத்து என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கேமராவைப் பார்த்து ஆட்ட வேண்டும். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் உடனே சிவப்பு பட்டனை அழுத்தினால் சங்கு ஊதும், ஆட்கள் ஓடிவருவார்கள். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ட்ரம் ஓடும் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. ஆகவே கேமராதான் எல்லாம். பையர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், தொட்டியில ஆக்சிடென்ட். ஏழுமலை போய்ட்டான். சேகர் சீரியஸ், வேலூருக்கு ஏத்தி அனுப்பியிருக்கோம். நீங்க உடனே வந்து ரெகார்டிங் எடுத்துக் குடுங்க. வண்டியில ஏத்துறப்போ சேகரே சொன்னான், பத்து நிமிஷம் கையைக் காட்டுனானாம். இவ போன நோண்டிக்கினு இருந்திருக்கா. அவ பொண்டாட்டியே அவன் தம்பியக் கொன்னுட்டா மேடம்.”

நான் போய்ச் சேரும்போது இரண்டரை. கண்ட்ரோல் ரூம் வாசலில் கும்பல். உள்ளே தேன்மொழி தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகு சுவரில், கண் திரையில். யார் பேசினாலும் திரும்பவில்லை. என் குரலைக் கேட்டதும் திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

“மேடம், நீங்களே பாருங்க. அவரு அங்கயேதான நிக்கிறாரு?”

பார்த்தேன். மூன்றாவது திரையில், தொட்டி விளிம்பில், சேகர் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் கயிறு, இன்னொரு கை வெயிலுக்கு நெற்றிமேல். ஆம்புலன்ஸில் ஏறி வேலூர் போய்விட்ட மனிதன். ஒரு வினாடி எனக்கு உண்மையிலேயே நிம்மதி வந்தது, ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் இத்தனை கூச்சல் என்று. அப்புறம் மற்ற மூன்று திரைகளைப் பார்த்தேன். அவற்றில் தண்ணீர் ஓடியது, ஆட்கள் ஓடினார்கள், நிழல் கிழக்கே சாய்ந்து கிடந்தது. சேகரின் நிழல் மட்டும் அவன் காலடியில் நடுப்பகலில் சுருண்டிருந்தது.

கேமரா விட்டுப்போய், மத்தியானப் படம் அப்படியே நின்றிருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். அந்தப் பொய்யை நான் கருவி வைத்துச் செய்து, மாட்டிக்கொடுத்து, அதற்குப் பேடாவும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

“போன் லாக்கர்லதான் மேடம் இருந்துச்சி. நான் கண்ணெடுக்காம பாத்துக்கினுதான் இருந்தேன். அவரு கையே ஆட்டல. கயிறு புடிச்சவரு அசையக் கூடாதுன்னுதான ரூல்? அசையாம நின்னாரு. ஒழுங்கா நிக்கிறாருன்னு நெனச்சேன்” என்றாள்.

வாசலில் நின்ற ஒரு பெண், “பொய் சொல்றா பாரு” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூச்சலில் கேட்டில் யாரும் என் போனை வாங்கி வைக்கவில்லை, அதில் திரையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஏணி வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். கேமராவுக்குக் கரண்ட் தனியாக வருகிறது, அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. படம் எடுத்துப்போகும் கேபிளின் முனையைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் எட்டுத் தகடுகளும் கறுத்திருந்தன, என் கொலுசு கறுத்த அதே கறுப்பு. ஏழுமலையைக் கொன்ற வாயுதான் கேமராவின் தொண்டையையும் மெல்ல மெல்ல அரித்திருக்கிறது. அந்த முனைக்கு வார்னிஷ் அடிக்க முடியாது, மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

தனபால் சாருக்கு இன்னொரு விதி உண்டு. கேமராவுக்குள் மெமரி கார்டு போடாமல் எதையும் மாட்டக் கூடாது. லைன் விட்டுப்போனாலும் கேமரா தான் பார்த்ததைத் தனக்குள்ளே பதிந்துகொள்ளும். கார்டை எடுத்துக்கொண்டு எங்கள் வேனில் உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டேன்.

வெயில். சேகர் நிற்கிறான், கை நெற்றிமேல். அடுத்த வினாடி கயிறு தொய்கிறது. குனிந்து கூப்பிடுகிறான். இழுக்கிறான், தூக்க முடியவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறான். மறுபடி கயிற்றை இழுக்கிறான். மறுபடி ஆட்டுகிறான். கண்ட்ரோல் ரூம் பக்கம் இரண்டு அடி ஓடுகிறான், கயிறு ஞாபகம் வந்து திரும்பி வருகிறான். சட்டையைக் கழற்றி வீசி வீசி ஆட்டுகிறான். வாய் அகலத் திறந்திருக்கிறது, சத்தம் கிடையாது. அவன் என்னைப் பார்த்துத்தான் கையாட்டினான் என்று தோன்றியது, ஏனென்றால் இப்போது அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது நான்தான். கடைசியில் கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டுத் தானே இறங்குகிறான். அப்புறம் விளிம்பு காலி. ஒரு லாரி டிரைவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து எட்டிப்பார்க்கிறார். முதல் கையாட்டலிலிருந்து அதுவரை பதினோரு நிமிடம்.

அன்றைக்கு மீட்டர் பூட்டிய அலமாரியில் கிடந்தது. காற்று பத்து நிமிடம்தான் ஊதினார்கள். அதற்கெல்லாம் பிறகு வழக்கு நடந்தது, பதில் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். நான் என்னுடைய பதினோரு நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயந்திரம் வேலூர் வந்து தனபால் சாரிடம் கார்டைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். கறுத்த அந்த முனையைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“இத வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல சார்.”

“கார்டு ஈரத்துல போய்டுச்சின்னு சொல்லிடுங்க. ரெகார்டரும் லைன் விட்டதால பதியலன்னு சொல்லிடுங்க. அது உண்மைதான?”

“அப்ப தேன்மொழி சார்?”

“நாப்பது பேரு இங்க சாப்புடுறாங்க எஸ்தர். நீங்களே யோசிச்சிப் பாருங்க.”

‘நீங்க’ என்றார். எனக்கு அதுதான் அடி. தையல் லைனில் அழுத அந்தப் பெண்ணிடம் போய் ‘தப்பு எங்க போர்டுதும்மா’ என்று சொன்ன மனிதர் இவர்தானா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. நானும் மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். கார்டு என் கைப்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. பயம். வேலை போய்விடும், ஜெயில் என்பார்களோ, மகள் காலேஜில் படிக்கிறாளே என்று என்னென்னவோ. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன். பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அன்று மத்தியானம் மேனேஜர் போன் செய்து, தேன்மொழியை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள், போலீஸில் அவள்மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். “எழவு வீட்டுக்குள்ளயே அவள வுடலயாம் மேடம். தெருவுல நின்னு அழுதுட்டுப் போனாளாம்.”

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகாமல் சேகர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் தேன்மொழி இருந்தாள். எழவு வீட்டுக்குப் போய்வந்த நேரம் போக, நாலு நாளாக அங்கேயே கிடக்கிறாள். மாமியார் உள்ளே விடவில்லை, சேகரும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

சேகருக்கு மூக்கில் குழாய் இருந்தது. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. மாமியார் என்னைக் கண்டதும், “அவளுக்குப் பரிஞ்சி பேச வந்திருந்தா போய்டுங்கம்மா” என்றார்.

“எனக்காகப் பேச வந்திருக்கேன்” என்றேன்.

லேப்டாப்பைத் திறந்து அவன் கையாட்டுவதைக் காட்டினேன். தன்னைத்தானே பார்த்தான், கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. “நான்தான் சொன்னனே” என்றான். அப்புறம் என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

“இது உன் சம்சாரம் பாத்தது. நீ கையாட்டுன நேரம் முழுக்க அவ திரையில நீ இப்படித்தான் நின்னுக்கினு இருந்த. உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த பிறகும் இப்படியே நின்ன. கேமரா விட்டுப்போனா பழைய படத்தையே காட்டுற மாதிரி வெச்சது நான். அவ கண்ணெடுக்கல சேகர். நான்தான் அவ கண்ணக் கட்டிட்டேன்.”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். மாமியாருக்கும் புரிந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். திட்டுவான், எதையாவது எடுத்து எறிவான் என்று நினைத்தேன், எறிந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“நூறு அடிதான் மேடம் ரூமு” என்றான். “ஓடியிருக்கலாம். அவ பாக்குறான்னுதான் நான் ஓடல.”

லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, “அவள வரச் சொல்லுங்க” என்றான்.

கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து கூப்பிட்டேன். தேன்மொழி உள்ளே போனாள். நான் அங்கே நிற்கவில்லை.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கார்டையும் எழுத்து வாக்குமூலத்தையும் கொடுத்தேன். செட்டிங் யார் வைத்தது என்ற கேள்விக்கு என் பெயரை எழுதினேன். தேன்மொழி மேலிருந்த புகார் எடுக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலை வேலை எங்கள் கையைவிட்டுப் போனது. எனக்குத் தண்டனை என்று எதுவும் வரவில்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு சரி. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். தனபால் சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் காலையில் என் மேஜையில் எங்கள் வேலைமுறைத் தாள் கிடந்தது. ‘திரை கறுக்கக் கூடாது’ என்ற வரியை அவரே சிவப்பு மையில் அடித்திருந்தார். கீழே எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியதை நீ எழுது என்று விட்டிருந்தார் போல.

அந்த இடத்தில் நான் எழுதியதுதான், நிவேதா, நீ கேட்ட பச்சைப் புள்ளி. கேமராவிலிருந்து புதுப் படம் வந்துகொண்டிருக்கும்வரைதான் அது மின்னும். மூன்று வினாடி வராவிட்டால் புள்ளி நிற்கும், திரை முழுசாகக் கறுக்கும், கீழே ஒரு மணி அடிக்கும். ஷோரூமில் கேமரா இல்லை, விளம்பரம்தானே என்பார்கள். இன்றைக்கு ஷோரூமில் மாட்டுகிற பெட்டியைத்தான் நாளைக்குத் தொழிற்சாலையில் கொண்டுபோய் மாட்டுவான், அவசரத்தில் நானே மாட்டியிருக்கிறேன். அதனால் எடுக்காதே.

அதை அப்படி எழுத வைத்தது என் புத்தியல்ல. அன்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மறந்து வைத்துவிட்டேனென்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேன்மொழி அதை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் கூட வந்தாள். அவள் என்னைத் திட்டவேயில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள், கடைக்குப் போகும்போது ஏதோ வாங்கிவரச் சொல்வதுபோல மெதுவாக.

“கறுத்துப் போச்சின்னா கறுத்துப் போவட்டும்னு வுட்டிருக்கலாமே மேடம். திரை கறுத்திருந்தா நான் எழுந்து ஓடியிருப்பேனே.”